நூலை இறுக்காதீர்கள்: சாஷிகோ தையலில் முதல் வடிவம்

சாஷிகோ என்ற ஜப்பானியக் கைத்தையலைப் பழக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: நூலை இறுக்காதீர்கள். இது வேலை செய்கிற உடம்புக்காகப் பிறந்த தையல். ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷுவின் வடகோடியில் இருக்கும் ட்சுகாரு பகுதியின் குளிரில் பருத்தி விளையாது. போதாக்குறைக்கு, குடியானவர்கள் பருத்தி உடை உடுத்தக் கூடாது என்று 1724-இல் ஆட்சியாளர்கள் ஆணையிட்டார்கள். உடுத்தக் கிடைத்தது முரட்டு நார்த்துணி. அதன் இழைகளுக்கு நடுவே காற்று புகும் சந்துகளைப் பெண்கள் நூலோட்டி அடைத்தார்கள். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துத் தீயணைப்பு வீரர்களின் அங்கிகளும் இப்படித்தான் அடுக்கடுக்காகத் தைக்கப்பட்டன. தண்ணீரில் ஊறவைத்து உடுத்திக்கொண்டு நெருப்புக்குள் போனார்கள்.

இனி ஊசியை எடுப்போம். அடர்நீலப் பருத்தித் துணி ஒரு சாண், தடித்த வெள்ளைப் பருத்தி நூல், கண் பெரிதான நீள ஊசி போதும். துணியை நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள், பிறகு சுருங்காது.

தையல் சாக்பீஸால் 10 செ.மீ. சதுரம் வரைந்து, அதற்குள் அரை செ.மீ. கட்டங்கள் போடுங்கள். கோடுகள் பிசகினால் வடிவமும் பிசகும். இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

முதல் கிடைக்கோட்டில் ஒரு கட்டம் துணிக்கு மேலே, ஒரு கட்டம் துணிக்கு அடியில் என்று நூலோட்டுங்கள். அடுத்த கோட்டில் மாற்றி, முதல் கட்டத்தில் நூல் துணிக்கு அடியில் ஓடும்படி தொடங்குங்கள். இப்படியே எல்லாக் கோடுகளும். வரிசை திரும்பும் இடத்தில் துணியின் பின்பக்கம் நூலைச் சற்றுத் தொங்கலாக விடுங்கள்.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் செய்யவேண்டியதை ஜப்பானியர் 'இதோகோகி' என்கிறார்கள். துணியை இடக்கையால் பிடித்து, வலக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தையலை நெடுக நீவிவிட வேண்டும். சுருங்கிய துணி விரலுக்கடியில் விரிவது தெரியும். இதைச் செய்யாமல் நான் தைத்த முதல் துணி ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. எத்தனை முறை இஸ்திரி போட்டும் நிமிரவில்லை.

கிடைக்கோடுகள் முடிந்ததும் துணியைத் திருப்பி, நெடுக்குக் கோடுகளிலும் அதே போல மாற்றி மாற்றித் தையுங்கள். ஏற்கெனவே ஊசி குத்திய துளையிலேயே மறுபடியும் குத்த வேண்டும். மூன்றாவது கோட்டில் திடீரென்று படிக்கட்டுகள் தெரியத் தொடங்கும். அந்த நொடிக்காகவே இந்த வடிவத்தை முதலில் கற்றுத்தருகிறேன். முதல் நெடுக்குத் தையலைத் துணிக்கு மேலே தொடங்கினால் படிகள் ஒரு பக்கம் சாயும். துணிக்கு அடியில் தொடங்கினால் மறுபக்கம்.

முடிக்கும்போது முடிச்சுப் போடாமல், பின்பக்கத் தையல்களுக்கு அடியில் ஊசியை மூன்று முறை நுழைத்து நூலை வெட்டுங்கள். இப்போது துணியைப் புரட்டிப் பாருங்கள். அங்கேயும் படிக்கட்டுகள் இருக்கும்.