வானவில் கொடியோடு வரும் அரசியல்வாதியை நம்புவதற்கு முன்

தன்பாலீர்ப்பாளர்கள், திருநங்கைகள் உள்ளிட்ட திருநர் என்று பால்புதுமையினர் எல்லோருக்குமான சுயமரியாதை (Pride) மாதமான ஜூன் வந்தால் போதும், அரசியல்வாதிகளின் சமூக ஊடகப் பக்கங்களில் நம் வானவில் கொடி முளைத்துவிடும். கொடியோடு ஒரு படம், கீழே அன்பைப் பற்றி ஒரு வரி. அதைப் பார்த்து நெகிழ்வதில் தப்பே இல்லை, நம்மைப் பற்றி யாருமே வாய் திறக்காத காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு அந்த ஒரு வரிகூடப் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் ஓட்டு போடுவதற்கு முன்னால், இவர் நிஜமாகவே பால்புதுமையினர் பக்கம் நிற்கிறாரா, இல்லை தேர்தல் முடியும்வரை மட்டும் பக்கத்தில் நிற்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

முதலில் அவருடைய பேச்சை ஓரமாக வைத்துவிட்டு ஓட்டெடுப்புப் பதிவைத் தேடுங்கள். ஆதரித்தாரா எதிர்த்தாரா என்பதோடு, அன்றைக்கு அவையில் இருந்தாரா என்றும் பாருங்கள். 2015 டிசம்பரில், தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவைத் திருத்த சசி தரூர் இந்திய மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா (அரசு சார்பில் இல்லாமல் ஓர் உறுப்பினர் தானே கொண்டுவருவது) கொண்டுவர முயன்றார். விவாதம் வரைகூடப் போகவில்லை, அறிமுகம் செய்ய அனுமதி கேட்டதற்கே 71 பேர் எதிர்த்தார்கள், 24 பேர் ஆதரித்தார்கள். 540 பேருக்கு மேல் இருக்கும் அவையில் இரண்டையும் கூட்டினால் நூறுகூட வரவில்லை. தனிநபர் மசோதாக்களை எடுக்கும் வெள்ளிக்கிழமைகளில் அவை பாதி காலியாகத்தான் இருக்கும், உண்மைதான். ஆனால் 2018 செப்டம்பரில் வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்றைக்கு, வாழ்த்துச் சொல்ல நிறையப் பேர் வந்தார்கள். அப்படி வாழ்த்தியவர் அப்போதே எம்.பி.யாக இருந்தவர் என்றால், 2015-இல் என்ன செய்தார் என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது என் வழக்கம். தீர்ப்பு வந்த பிறகு ஆதரிப்பதால் யாருக்கும் ஒரு ஓட்டுகூடக் குறையாது.

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் அளவுகோலாக வைத்திருக்கிறேன்: நமக்காகப் பேசினால் தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்த நாளில் இவர் என்ன செய்தார்? அமெரிக்காவில் பில் கிளிண்டன் 1992 அதிபர் தேர்தலில் தன்பாலீர்ப்பாளர்களின் ஆதரவைக் கேட்டு வாங்கித்தான் ஜெயித்தார். 1996-இல், மறுபடியும் தேர்தல் நெருங்கும் நேரத்தில், தன்பால் திருமணங்களை மத்திய அரசு ஏற்காது என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார், அதோடு நிற்காமல் கிறிஸ்தவ வானொலிகளில் அதையே சாதனையாக விளம்பரமும் செய்தது அவருடைய பிரசாரக் குழு. இன்னொரு பக்கம், ஹங்கேரியில் 2025-இல் காவல்துறை பால்புதுமையினரின் சுயமரியாதைப் பேரணிக்குத் தடை போட்டபோது, புடாபெஸ்ட் மேயர் கெர்கெய் கராச்சோனி அதை மாநகராட்சியின் நிகழ்ச்சியாகவே அறிவித்து நடத்தினார். ஒரு கொடிப் படத்தைப் போட்டுவிட்டு அவரும் வீட்டில் இருந்திருக்கலாம்.

அப்புறம், சட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவையில் நிறைவேறவே இல்லை. அதற்குப் பதிலாக அரசு 2019-இல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலும் 'உரிமைகள் பாதுகாப்பு' இருந்தது. ஆனால் நிறைவேறிய அந்தச் சட்டப்படி, ஒருவர் தன்னைத் திருநர் என்று அடையாளப்படுத்திக்கொள்ள மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று இருந்தது. திருநர் ஒருவரைப் பாலியல் கொடுமை செய்தால் தண்டனை ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரைதான் என்று இருந்தது. பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தால் குறைந்தபட்சமே பத்து வருடம் என்று ஆகியிருந்த நேரம் அது. திருநர் சமூகத்தினரே தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். எந்தச் சட்டமானாலும் அது யாருக்காக என்று சொல்கிறார்களோ அவர்களில் நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள், எந்த நிபுணரின் விளக்கத்தையும்விட அதில் விஷயம் இருக்கும்.

எல்ஜிபிடி (LGBT) என்பதில் நான்கு ஆங்கில எழுத்துகள்: தன்பாலீர்ப்புள்ள பெண்கள், தன்பாலீர்ப்புள்ள ஆண்கள், இருபாலீர்ப்பாளர்கள், திருநர். ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டுப் பாருங்கள். திருநங்கைகளுக்கான நலத்திட்டங்களைப் பெருமையாகப் பேசும் ஒருவர், இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வதைப் பற்றிக் கேட்டதும் பண்பாடு என்று ஆரம்பிப்பார். சில நாடுகளில் இது அப்படியே தலைகீழ், தன்பால் திருமணத்துக்கு வாழ்த்துச் சொல்பவர்கள் திருநர் என்றதும் மௌனமாகிவிடுவார்கள். திருநம்பிகளும் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) இடைபாலினத்தவரும் (ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறந்தவர்கள்) எவர் பேச்சிலும் வருவதே அபூர்வம்.

நேரில் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் கேள்வியைத் தயார் செய்துகொண்டு போங்கள். நான் ஒருமுறை ஒரு வேட்பாளரிடம் "எங்களை ஆதரிப்பீர்களா?" என்று கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டிப்பா, எல்லாரும் மனுஷங்கதானே" என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள், எனக்கும் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்த பிறகுதான், அவர் எந்த ஒரு வாக்குறுதியும் கொடுக்கவில்லை என்பது உறைத்தது. இப்போதெல்லாம் இப்படிக் கேட்கிறேன்: "தன்பாலீர்ப்பை 'குணப்படுத்துகிறேன்' என்று சொல்லிச் சிகிச்சை நடத்துபவர்களைத் தடைசெய்யும் மசோதா வந்தால், கட்சித் தலைமை தயங்கினாலும் ஆதரித்துப் பேசுவீர்களா?" "உங்கள் கூட்டணித் தலைவர் மேடையில் எங்களை இழிவாகப் பேசினால், மறுநாளே பெயர் சொல்லிக் கண்டிப்பீர்களா?" ஆமாம் அல்லது இல்லை என்று வந்தால் தேதியோடு குறித்து வையுங்கள். 'எல்லாரையும் மதிக்கிறோம்' என்று வந்தால் அதையும் அப்படியே குறித்து வையுங்கள்.

சரி, முன்பு எதிர்த்தவர் இப்போது ஆதரிக்கிறார் என்றால்? உடனே போலி என்று முத்திரை குத்திவிடாதீர்கள், மனம் மாற வேண்டும் என்றுதானே இத்தனை வருடமாகப் போராடுகிறோம். ஒபாமா 2008-இல் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்றார், 2012 மே மாதம் தன்பால் திருமணத்தை ஆதரித்தார். பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரன், உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிப்பதை'த் தடைசெய்த 1988-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவுக்காகத் தன் கட்சி சார்பில் 2009-இல் மன்னிப்புக் கேட்டார். 2013-இல் அவருடைய அரசின் தன்பால் திருமண மசோதா அவையில் முதல்முறை ஓட்டெடுப்புக்கு வந்தபோது, சொந்தக் கட்சி எம்.பி.க்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்களே அதிகம், அப்படியும் அவர் பின்வாங்கவில்லை. எனவே மாறியவரிடம் நான் பார்ப்பது இரண்டுதான்: பழைய நிலைப்பாடு தப்பு என்று வாயால் ஒப்புக்கொண்டாரா, அதற்குப் பிறகு என்ன வேலை செய்தார்.

கடைசியாக ஒன்று. இவற்றையெல்லாம் கேட்க நீங்கள் யார் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. "நீங்களும் அப்படியா?" என்று திருப்பிக் கேட்டால், "நான் இந்தத் தொகுதியின் வாக்காளர்" என்று சொல்லிவிட்டு, கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.