வகுப்பறையில் நடந்ததை வீட்டுக்குச் சொல்வது எப்படி? புதிய ஆசிரியருக்கு ஒரு செய்முறை விளக்கம்

“இன்று பள்ளியில் என்ன நடந்தது?” என்று வீட்டில் கேட்டால் “ஒன்றுமில்லை” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. பிள்ளை எதையும் மறைப்பதில்லை. நாள் முழுவதும் நடந்தவற்றுள் எதை எடுத்துச் சொல்வது என்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் நடந்தது வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரியாத காரணத்தால், அவர்களாலும் இதைவிடக் கூர்மையாகக் கேட்க முடிவதில்லை. ஆசிரியர் எழுதும் வகுப்புச் செய்தி இந்த இடைவெளியைத்தான் நிரப்ப வேண்டும். விடுமுறை, சீருடை, தேர்வு நாள் ஆகியவற்றைத் தெரிவிப்பது அறிவிப்பு. அதுவும் தேவைதான் என்றாலும், அறிவிப்பைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையோடு பேச உட்காருவதில்லை. பேச உட்கார வைப்பதே செய்தி. கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த ஒரு நோக்கத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

படி 1: யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டறியுங்கள்

ஆண்டின் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சிறு தாளைக் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் செய்தியைப் படிப்பவர் யார், எந்த மொழியில் படிப்பது அவருக்கு எளிது, கைப்பேசியில் வேண்டுமா தாளில் வேண்டுமா, பிள்ளையின் புகைப்படத்தைப் பிற பெற்றோருக்கும் போகும் செய்தியில் சேர்க்கச் சம்மதமா என்ற நான்கு கேள்விகள் போதும். முதல் கேள்விக்கான விடைகள் உங்களை வியப்பில் ஆழ்த்தக்கூடும். பல வீடுகளில் பாட்டியோ சித்தப்பாவோ மூத்த அக்காளோதான் பிள்ளையின் படிப்பைக் கவனித்துக்கொள்கிறார்கள். அதனால் “அன்புள்ள பெற்றோரே” என்று தொடங்குவதைவிட “வீட்டிலுள்ள அனைவருக்கும் வணக்கம்” என்று தொடங்குவது பொருத்தமாக இருக்கும். புகைப்படச் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரு வழி, ஒரு கிழமை

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதன் வரம்பைத் தெரிந்துகொண்டு தேர்வு செய்யுங்கள். வாட்ஸாப் குழு எளிதானது. ஆனால் குழுவில் இருப்பவர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்க முடியும். மேலும், எல்லோரும் எழுதலாம் என்று விட்டுவிட்டால், உங்கள் செய்தி காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகும். நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்ற அமைப்பு அதில் உண்டு; குழுவைத் தொடங்கும் அன்றே அதைத் தேர்ந்துவிடுங்கள். எண்கள் வெளியில் தெரியக் கூடாதென்றால், ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியல் (broadcast list) உதவும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இதை அறியாமல், செய்தி போய்விட்டதென்று மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் உண்டு.

இணையம் இல்லாத கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கிடைக்க, தமிழில் 70 மட்டுமே கிடைக்கின்றன. புள்ளி, துணைக்கால், கொம்பு ஆகியவையும் தனித்தனியே எண்ணப்படுவதால் “பள்ளி” என்ற மூன்றெழுத்துச் சொல்லே ஐந்தாகக் கணக்காகும். எனவே குறுஞ்செய்தியில் ஒரே ஒரு வரியைத்தான் சொல்ல முடியும்.

தாளைக் குறைவாக எண்ணிவிட வேண்டாம். ஓர் ஏ4 தாளை நடுவில் மடித்தால் கையடக்கமான நான்கு பக்கங்கள் கிடைக்கின்றன. அது சுவரில் ஒட்டப்படுகிறது, சில நாட்கள் வீட்டில் கண்ணில் படுகிறது. ஆனால் அதே தாளைப் பிடிஎஃப் கோப்பாகக் கைப்பேசிக்கு அனுப்பினால் எழுத்துகள் எறும்புபோல் தெரியும். கைப்பேசிக்கு எழுதுவதை அங்கேயே படிக்கும்படி நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள்.

வாரம் ஒருமுறை, குறித்த கிழமையில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் அனுப்புங்கள். வெள்ளி மாலை எனக்குப் பிடித்தது. பேசுவதற்கு இரண்டு நாட்கள் இருக்கின்றன.

படி 3: அன்றன்றே இரண்டு வரி குறித்து வையுங்கள்

வெள்ளிக்கிழமை உட்கார்ந்து யோசித்தால், “ஒன்றுமில்லை” என்று சொல்லும் பிள்ளையின் நிலைதான் உங்களுக்கும் வரும். மேசைமேல் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்து, வகுப்பு கலைந்தவுடன் இரண்டு வரி எழுதுங்கள். பாடத்தின் தலைப்பை எழுத வேண்டாம், அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஒரு பிள்ளை கேட்ட கேள்வி, எல்லோரும் செய்த ஒரே தவறு, திடீரென்று எழுந்த சிரிப்பு ஆகியவற்றை எழுதுங்கள்.

படி 4: எழுதுதல்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. “கணிதத்தில் பின்னங்கள் தொடங்கப்பட்டன” என்பது உண்மைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன பேசுவது? அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“இந்த வாரம் ஒரு தாளை இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் மடித்துப் பின்னம் கற்றோம். எட்டில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா என்று கேட்டபோது, எட்டுதான் பெரிய எண் என்று சொல்லிப் பலரும் தவறாகக் கை தூக்கினார்கள். பிறகு மடித்த தாளை வெட்டி அடுக்கிப் பார்த்து அவர்களே திருத்திக்கொண்டார்கள். உங்கள் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, அது எப்படி என்று காட்டச் சொல்லுங்கள்.”

இதில் நடந்தது இருக்கிறது, தடுமாற்றம் இருக்கிறது, வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இருக்கிறது. கடைசி வரியை எந்த வாரமும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி ஆம், இல்லை என்று முடிந்துவிடாததாகவும், விடை தெரியாத பெரியவரும் கேட்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வீட்டிலுள்ளவர் படித்தவரா இல்லையா என்பது இங்கே பொருட்டே இல்லை. பிள்ளை கற்பிக்க, பெரியவர் கேட்டுக்கொள்கிறார்.

கற்றல் விளைவு, திறன் மதிப்பீடு, செயல்வழி போன்ற நம் பணியறைச் சொற்களை அடித்துவிடுங்கள். பிள்ளைகளைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதில் எச்சரிக்கை தேவை. நான்கு பேரின் பெயரைப் படிக்கும் மற்ற வீடுகளில் அது வேறுவிதமாக ஒலிக்கும். ஒரு பிள்ளையின் குறையைப் பொதுச் செய்தியில் பெயரின்றிக்கூட எழுத வேண்டாம், வகுப்பில் யாரென்று அனைவருக்கும் தெரியும். மொத்தச் செய்தியும் இரண்டு நிமிடத்தில் படித்து முடிவதாக இருக்கட்டும். அறிவிப்புகளை அடியில் தனியாக, நாளும் கிழமையும் குறிப்பிட்டுத் தாருங்கள்.

படி 5: படமும் குரலும்

சிரித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் படத்தைவிட, எதையோ செய்துகொண்டிருக்கும் கைகளின் படம் அதிகம் பேசும். முகம் தெரியாததால் சம்மதச் சிக்கலும் குறையும். அனுப்புமுன் பின்னணியைப் பாருங்கள்: கரும்பலகையில் மதிப்பெண் பட்டியலோ, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோ தெரியக் கூடாது. கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கினால் படத்துக்குள்ளேயே இடமும் பதிவாகிவிடும், அதை அணைத்துவிடுங்கள்.

இதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. நான் செய்தி அனுப்பத் தொடங்கிய ஆண்டில், நன்றாக வந்த படங்களை மட்டும் தேர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு தாய் வந்து, “என் மகன் வகுப்புக்கு ஒழுங்காக வருகிறானா?” என்று கேட்டார். இரண்டு மாதப் படங்களில் அவன் ஒன்றில்கூட இல்லை. அன்றுமுதல் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்து, படத்திலோ எழுத்திலோ யார் இடம்பெற்றார்கள் என்று குறித்து வருகிறேன். முகம் காட்டச் சம்மதம் இல்லாத பிள்ளையின் ஓவியமோ கையெழுத்தோ அந்த இடத்தை நிரப்பும்.

படிக்கச் சிரமப்படுபவர்கள் இருக்கும் வீடுகளுக்கு, அதே செய்தியை ஒரு நிமிடக் குரல்பதிவாகவும் அனுப்புங்கள். சம்மதம் உள்ள வீடுகளிலிருந்து வாரம் இரண்டு பிள்ளைகளைச் செய்தியாளர்களாக்கி, அவர்கள் குரலிலேயே பதிவு செய்தால் இன்னும் நல்லது. உச்சரிப்பைத் திருத்தித் திருத்திப் பதிய வேண்டாம். தடுமாறிப் படித்தாலும் வீட்டில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

படி 6: அனுப்பிய பிறகு

ஒரு சக ஆசிரியரிடம் காட்டி, நாளும் பெயர்களும் சரியா என்று பார்த்தபின் அனுப்புங்கள். பதில்களை எந்த நேரத்தில் பார்ப்பீர்கள் என்பதைச் செய்தியின் முடிவில் எழுதிவிட்டால், இரவு பதினொரு மணிக்கு வரும் கேள்விக்கு நீங்கள் விழித்திருக்கத் தேவையில்லை. தனிப்பட்ட கவலைகளைத் தனியாகவே பேசுங்கள்.

செய்தி படிக்கப்பட்டதா என்பதை நீல நிறக் குறிகளை வைத்து முடிவு செய்ய வேண்டாம். திங்கள் காலை, “யார் வீட்டில் தாளை மடித்துக் காட்டினீர்கள்?” என்று வகுப்பில் கேளுங்கள். உயராத கைகளைக் கடிந்துகொள்ளாமல் மனத்தில் குறித்துக்கொண்டு, முதல் வாரத்தில் வாங்கிய தாள்களை எடுத்துப் பாருங்கள். அந்த வீட்டின் எண் மாறியிருக்கலாம், அல்லது அங்கே படிப்பவர் நீங்கள் நினைத்தவராக இல்லாமல் இருக்கலாம்.