மொரீஷியஸ் போகிறீர்களா? அறை போடுவதற்கு முன் காற்றைப் பாருங்கள்

போன வருடம் ஜூலையில் மொரீஷியஸ் போனோம். சென்னையிலிருந்து டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. கிழக்குக் கரையில், பெல் மார் பக்கம், அறையும் பாதி விலைக்குக் கிடைத்தது. ஏன் அந்த விலை என்பது போய் இறங்கிய அன்று மாலையே புரிந்துவிட்டது. நம் ஈசிஆரில் இருப்பது போலவே அங்கும் கரையோரம் சவுக்குத் தோப்பு. மரமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அம்மா ஓட்டல் போர்வையைப் போர்த்திக்கொண்டு கடலைப் பார்த்தார். தட்டில் வைத்த சோற்றில் மணல். அதனால்தான் விசா, டிக்கெட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

படி 1: முதலில் கரை, அப்புறம்தான் ஓட்டல்

தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. நமக்குக் கத்திரி முடிந்து புழுங்கும் ஜூலை, அவர்களுக்குக் குளிர்காலம். அந்த மாதங்களில் தென்கிழக்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும். எரிமலை எழுப்பிய மேட்டுநிலமும் மலைகளும் தீவின் நடுவில் நிற்பதால், காற்றும் மழையும் கிழக்கிலும் நடுவிலும் இறங்கிவிடும். மேற்குக் கரை காய்ந்து, கடல் தட்டையாகக் கிடக்கும். கேரளம் நனையும் மாதத்தில் சென்னை காய்கிறதே, அதே கதைதான்.

ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை போவதென்றால் மேற்கே ஃபிளிக் அன் ஃபிளாக், வடமேற்கே ட்ரூ ஓ பிஷ். அவர்களுடைய வெயில் காலத்தில் கிழக்கின் காற்றே சுகம்தான், அப்போது பெல் மார் போகலாம். ஆனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், ஜனவரி, பிப்ரவரி எனக்கு வேண்டாம். பிள்ளைகளின் முழுப்பரீட்சை லீவில், மே மாதம் போனால் எல்லாம் நடுவாக இருக்கும்.

சாதாரண வானிலை ஆப் ‘24 டிகிரி, வெயில்’ என்று காட்டும். அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். விண்டி ஆப்பைத் திறந்து, காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகமாக வருகிறது என்று பாருங்கள். எனக்கு அது ஒன்று போதும்.

படி 2: காகித வேலை

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் ரசீது இரண்டையும் கேட்பார்கள். கிளம்பும் முன் அவர்களுடைய பயணப் படிவத்தை ஆன்லைனில் நிரப்பிவிடுங்கள். சரி, அவ்வளவுதான்.

படி 3: கடலில் இறங்குவது

தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலி போல ஓடுகிறது, அலை அங்கேயே உடைந்துவிடும். மெரினாவில் காலை இழுக்கும் கடலைப் பார்த்தவர்களுக்கு இது குளம் மாதிரி தெரியும். தெற்கே கிரி கிரியில் அந்த வேலி கிடையாது. கருங்கல் பாறையில் அலை நேராக வந்து மோதும். அங்கே நின்று பாருங்கள், இறங்காதீர்கள்.

மற்ற இடங்களிலும் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், கடல் முள்ளெலி குத்தும். ரப்பர் அடி வைத்த நீச்சல் ஷூவைச் சென்னையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: எரிமலையைப் பார்ப்பது

புகை, நெருப்பு எதுவும் இல்லை. இந்தத் தீவின் எரிமலைகள் எப்போதோ அடங்கிவிட்டன. தலைநகர் போர்ட் லூயியிலிருந்து மெட்ரோ ஏறி கூர்பிப் ஊரில் இறங்கினால் ட்ரூ ஓ செர் என்ற எரிமலை வாய் பக்கம்தான். 300 மீட்டருக்கு மேல் அகலமான வட்டக் குழி, உள்ளே மரமாக வளர்ந்துகிடக்கிறது. மேலே ஒரு சுற்று நடக்கலாம், குடை வேண்டும். கங்கா தலாவ் என்று சிவராத்திரிக்கு ஜனம் நடந்தே போகும் ஏரியும் பழைய எரிமலை வாய்தான்.

ஷமரெலில் ஏழு வண்ண மண் இருக்கிறது. எரிமலைப் பாறை மழையிலும் வெக்கையிலும் மக்கி, இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கிய மண் அது. சிவப்பு, ஊதா, பழுப்பு. வெயில் சாய்வாக விழும்போது நிறம் நன்றாகத் தெரியும், நடுப்பகலில் போய்விட்டு ‘இவ்வளவுதானா’ என்று சொல்லாதீர்கள்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தத் தீவை உருவாக்கிய அதே வெப்பப்புள்ளிதான் (பூமியின் ஆழத்திலிருந்து சூடு மேலே பொங்கிவரும் இடம்) சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் தக்காணத்து எரிமலைப் பாறைகளைக் கொட்டியது. இப்போது அது பக்கத்து ரீயூனியன் தீவின் அடியில் இருக்கிறது.

படி 5: நம் ஆட்களின் சுவடு

போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் போங்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த லட்சக்கணக்கான இந்தியர்கள் கரையேறிய இடம், 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தக் கூலிகள் வருவதற்குச் சுமார் நூறு வருடம் முன்பே, பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை அழைத்துவந்திருக்கிறார்கள். தென்மேற்கு முனையில் லெ மார்ன் மலை, தப்பியோடிய அடிமைகள் ஒளிந்த இடம். மேல்பகுதி செங்குத்து, வழிகாட்டி இல்லாமல் ஏற வேண்டாம்.

மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் இருக்கும். 1998இல் வந்த புதுத் தாளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியதால் போராட்டம் வெடித்து, அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். ஆனால் தமிழில் பேசினால் பலருக்குப் புரியாது, வீட்டு மொழி பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். தெருவில் ‘காத்தோ பிமா’ என்று பொட்டலம் கட்டித் தருவது ஏறக்குறைய நம் பருப்பு வடைதான். அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, “சோம்பு போடலடா” என்றார்.

பின்சேர்க்கை: கமெண்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டதைச் சொன்னார்கள். ஒன்று, பிளக். பல இடங்களில் பிரிட்டிஷ் மாதிரி சதுர மூன்று முள், நம் வட்ட மூன்று முள் நுழையாது, அடாப்டர் எடுத்துப் போங்கள். இன்னொன்று, பஸ். கிராமப் பக்கம் மாலை ஆறரைக்கு மேல் பஸ் கிடைப்பது கஷ்டம். சூரிய அஸ்தமனம் பார்க்கப் போனால், திரும்ப வருவதற்கான டாக்ஸிக்குக் கரைக்குப் போகும்போதே பேசி வைத்துவிடுங்கள்.