பவளப்பாறை மாதிரி: மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பவளப்பாறை மாதிரி செய்ய முனையும் மாணவர்கள் பலர் முதல் நாளே தெர்மாகோலும் வண்ணமும் வாங்கிவிடுகிறார்கள். ஆய்வுக் குறிப்போ கடைசி இரவில், செய்து முடித்த மாதிரிக்குப் பொருந்துமாறு எழுதப்படுகிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படி முன்பின்னாக வேலை செய்வதால் வருபவை.

முதல் சறுக்கல் பெயரிலேயே இருக்கிறது. பவளம் என்றதும் நவமணிகளுள் ஒன்றான செம்மணியே நம் நினைவுக்கு வருவதால், மாதிரி முழுவதும் சிவப்புப் பூசப்பட்டுவிடுகிறது. ஆனால் நகையில் பதிக்கும் செம்பவளம் மத்தியதரைக் கடலில், வெளிச்சம் மங்கிய இடங்களில் வளரும் வேறோர் இனம். அதன் ஒவ்வோர் உயிருக்கும் எட்டு உணர்கொம்புகள் உண்டு, நாம் பேசும் பாறைத்திட்டுகளை அது கட்டுவதில்லை. பாறை கட்டும் கல்பவளங்களுக்கு உணர்கொம்புகள் ஆறின் மடங்கில் அமையும். திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் காரணமாக அவை பெரும்பாலும் பழுப்பாகவும் மங்கிய பச்சையாகவும் மஞ்சளாகவும் தோன்றும். பாறை கட்டும் பவளத்துக்கு இலங்கைத் தமிழில் வழங்கும் 'முருகைக்கல்' என்ற சொல் இந்தக் குழப்பத்துக்கு இடமே வைக்கவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது, பவளத்தைக் கடல் தாவரம் என்றோ வெறும் பாறை என்றோ எழுதிவிடுவது. அது விலங்கு. சொரிமீனுக்கும் கடற்சாமந்திக்கும் உறவான சிற்றுயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, அடியில் சுண்ணாம்புக் கூட்டைச் சுரந்துகொண்டே மேலே ஏறுகின்றன. இதை எழுதினால் மட்டும் போதாது, மாதிரியிலும் தெரிய வேண்டும். வழவழப்பான உருண்டையாகச் செய்து வைத்தால் பார்ப்பவருக்கு அது உருளைக்கிழங்குதான். களிமண் ஈரமாக இருக்கும்போதே பேனா மூடியை நெருக்கமாக அழுத்தி எடுத்தால் பெரிய குழிகள் கொண்ட தேன்கூட்டு வகை வந்துவிடும். ரீஃபில் முனையால் குத்தினால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குழிகள் கொண்ட திரள்பவளம் கிடைக்கும். ஒவ்வொரு குழியும் ஓர் உயிரின் வீடு என்பதைச் சிறு சீட்டில் எழுதி ஒட்டிவிடலாம்.

வெளிறிய பவளத்தைச் செத்த பவளம் என்று எழுதுவதை ஏறக்குறைய எல்லாக் கண்காட்சியிலும் காணலாம். கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் தன் நுண்பாசியை இழக்கத் தொடங்குகிறது. கண்ணாடி போன்ற திசுவின் வழியே வெள்ளைக் கூடு தெரிகிறது. அப்போதும் அதற்கு உயிர் இருக்கிறது. ஆனால் உணவில் பெரும்பகுதியைத் தந்துவந்த பாசி போய்விட்டதால் அது பட்டினியில் கிடக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் மீளும், நீடித்தால் மடியும். மடிந்த கூட்டின் மேல் சில நாட்களில் வேறு பாசி படர்ந்து பச்சையும் பழுப்புமாகிவிடும். ஆகவே நலமாக உள்ளது, வெளிறியது, பாசி மூடியது என மூன்று நிலைகளை அடுத்தடுத்து வைப்பதே சரி. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் வெளிறல் ஏற்பட்டது.

இடத்தைக் கலந்துவிடுவது இன்னொரு தவறு. கரீபியக் கடல் பகுதிக்கே உரிய எல்க்ஹார்ன் பவளத்தை (Acropora palmata) ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டான கிரேட் பேரியர் ரீஃபின் படத்தருகே ஒட்டி, தலைப்பில் ராமேஸ்வரம் என்று எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். ஓரிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மன்னார் வளைகுடா அருகிலேயே இருக்கிறது: தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா, பாறைத் தளத்தைப் 'பார்' என்றே அழைக்கும் மீனவர்கள். அந்த 21-இல் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக் காளவாய்களுக்காகப் பவளக்கல்லைப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்ததும் அந்த இழப்புக்கு ஒரு காரணம். இதைச் சொல்லாத மன்னார் மாதிரி அரைகுறையானது.

பொருள் தேர்விலும் கவனம் வேண்டும். கடல் மாசு பற்றிய மாதிரியைத் தெர்மாகோலிலும் மினுக்குத் தூளிலும் செய்வது பொருத்தமில்லை என்பது ஒருபுறமிருக்க, தெர்மாகோல் மேல் ஸ்பிரே பெயின்ட் பட்டால் அது உருகிக் குழிந்துவிடும். மைதாவும் உப்பும் பிசைந்த மாவு நன்றாகப் படியும்; ஆனால் ஈரக்காற்று வீசும் ஊர்களில் உப்பு நீரை இழுத்து, இரண்டு நாளில் கிளைகள் தொய்ந்துவிடும். ஊறவைத்த செய்தித்தாளோடு வெந்தயத்தை அரைத்துச் சேர்த்த கூழ், பாட்டிமார் கூடை செய்யப் பயன்படுத்திய அதே கூழ், காய்ந்தபின் இறுகிச் சொரசொரப்பாக நிற்கும்; பவளத்துக்கு அந்தச் சொரசொரப்புத்தான் தேவை.

கடற்கரையில் பொறுக்கிய உண்மைப் பவளத் துண்டை மட்டும் மாதிரியில் வைக்காதீர்கள். கல்பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்பதற்காக எடுத்து வந்து வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிடாது.