பென்டிரைவுக்குள் ஒரு யூனிக்ஸ்: கியூஎமு வழி

யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய், அடுத்தவரின் விண்டோஸ் கணினியிலும் ஓட்டலாம். பென்டிரைவிலிருந்து நேராக பூட் செய்யும் (கணினியையே அதிலிருந்து தொடங்கும்) முறை இது இல்லை. அதற்குக் கணினியை அணைத்து, அதன் தொடக்க அமைப்பான பயாஸில் கைவைக்க வேண்டும். அடுத்தவர் கணினியில் அதற்கு யார் விடுவார்கள்? விண்டோஸ் பாட்டுக்கு ஓடட்டும். அதன் மேல் ஒரு விண்டோவுக்குள் கியூஎமு என்ற இலவச மென்பொருள் ஒரு முழுக் கணினியாக நடிக்கும். அதற்குள் நெட்பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றுவோம். பெர்க்லி யூனிக்ஸ் வழிவந்தது, 1993-இல் முதல் பதிப்பு கண்டது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் வேலைக்கு 512 எம்பி ரேம் போதும்.

படி 1. 16 ஜிபி பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 வேண்டாம், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

படி 2. சொந்தக் கணினியில் கியூஎமுவை இன்ஸ்டால் செய்து, அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். பக்கத்திலேயே நெட்பிஎஸ்டியின் 64 பிட் ஐஎஸ்ஓ ஃபைலையும் (இன்ஸ்டால் சிடியின் நகல்) போடுங்கள்.

படி 3. ஃபோல்டரில் கியூஎமு-ஐஎம்ஜி என்றொரு கருவி இருக்கும். கமாண்ட் பிராம்ப்டில் அதை ஓட்டி, கியூகவ்2 (qcow2) வகையில், ஹார்ட் டிஸ்காக நடிக்கும் 8 ஜிபி டிஸ்க் ஃபைல் ஒன்றை உருவாக்குங்கள். 8 ஜிபி என்பது உச்சவரம்புதான். இப்போது பார்த்தால் சில நூறு கேபிதான் இருக்கும்; உள்ளே எழுத எழுதப் பெருகும்.

படி 4. நோட்பேடில் ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் .bat ஃபைல்) எழுதுங்கள். நான் சறுக்கிய இடம் இது. முதல் தடவை எல்லாப் பாதையையும் 'ஈ' டிரைவ் என்று எழுதி வைத்திருந்தேன். வேறொரு கணினியில் செருகியபோது அது 'ஜி' ஆகிவிட்டது. கருப்பு விண்டோ ஒன்று கண்சிமிட்டிவிட்டு மறைந்தது, அவ்வளவுதான். ஆகவே டிரைவ் எழுத்தே வேண்டாம். பேட்ச் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் பாதையை மட்டும் எழுதுங்கள். ஒரே வரியில் கியூஎமு-சிஸ்டம் நிரல், ஹைஃபன் எம் போட்டு 512, ஹைஃபன் ஹெச்டிஏ போட்டு டிஸ்க் ஃபைல், ஹைஃபன் சிடிராம் போட்டு ஐஎஸ்ஓ. அடுத்த வரியில் 'பாஸ்' (pause) கட்டளை. பிழை வந்தால் படிக்கும்வரை விண்டோ நிற்கும்.

படி 5. பேட்ச் ஃபைலை டபுள் கிளிக் செய்யுங்கள். 'பூட் ஃபெயில்டு' என்று ஒரு வரி வந்தால் பதற வேண்டாம். டிஸ்க் காலி என்பதால் அடுத்து சிடி பக்கம் போகும். இன்ஸ்டாலர் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கட்டளையையும் கியூஎமு மொழிபெயர்த்து ஓட்டுவதால் ஆமை வேகம்தான். முடிந்ததும் பேட்ச் ஃபைலில் சிடிராம் பகுதியை நீக்கிவிடுங்கள்.

மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அப்புறம், வெளியே பிங் (இன்னொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகவில்லை என்றால் இணையமே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். கியூஎமுவின் இயல்பான நெட்வொர்க்கில் பிங் பெரும்பாலும் போகாது. ஒரு ஃபைலை இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கிளம்பும்போது நெட்பிஎஸ்டிக்குள் ரூட் (முழு அதிகாரம் உள்ள) பயனராக 'ஷட்டவுன்' கட்டளையோடு ஹைஃபன் பி, நவ் என்று கொடுங்கள். கியூஎமு விண்டோ தானாக மூடிய பிறகு, விண்டோஸில் எஜெக்ட் கொடுத்துவிட்டுப் பென்டிரைவைப் பிடுங்கலாம்.