ஷிப்ட் மாறினாலும் நிற்காத கதை எழுதும் பழக்கம்: செய்முறை

தேவை: 80 பக்கக் கோடு போட்ட நோட்டு, பந்துமுனைப் பேனா இரண்டு, தனி அலாரம் கடிகாரம். தடித்த அட்டை டைரி வேண்டவே வேண்டாம். அதில் அடித்துத் திருத்தக் கை கூசும். ஜெல் பேனா மலிவுத் தாளில் ஊறிப் பின்பக்கத்தையும் கெடுக்கும்.

1. மணியைக் குறிக்காதீர்கள், செயலைக் குறியுங்கள்

பலரும் விட்டுப்போவது இங்கேதான். "தினமும் காலை 5 மணி" என்ற திட்டம் ஓசூர் கம்பெனிக்குப் போகிறவருக்கு ஒத்துவராது. முதல் ஷிப்ட் என்றால் அந்நேரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார். நைட் ஷிப்ட் என்றால் மெஷின் முன்னால் இருப்பார். எந்த ஷிப்ட்டிலும் மாறாத செயல் ஒன்று உண்டு: வேலை முடிந்து வந்து குளிப்பது. தலை துவட்டிய கையோடு, சாப்பாட்டுக்கு முன்னால் உட்காருங்கள். களி தின்றபின் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

மாடு வைத்திருப்பவருக்கு, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்ததும். பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறவருக்கு, வேன் போனதும், பாத்திரம் கழுவுவதற்கு முன்.

அந்தச் செயலுக்கும் நோட்டுக்கும் நடுவே போனைக் கையில் எடுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அலாரம் தனியாக இருக்கச் சொன்னது அதற்காகத்தான்.

2. நேற்றைய கடைசி மூன்று வரியைத் திரும்ப எழுதுங்கள்

பார்த்து எழுதினால் போதும், கை சூடேறும். முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் திருத்தத்தான் தோன்றும். முதல் பக்கம் மெருகேறிக்கொண்டே இருக்கும், ஐந்தாம் பக்கம் வராது.

3. 20 நிமிடம், பிறகு பாதியில் நிறுத்தம்

அலாரம் அடித்ததும் வாக்கியத்தின் நடுவிலேயே பேனாவை வையுங்கள். அடியில் ஒரு குறிப்பு: "அடுத்து: சித்தப்பா பத்திரத்தை நீட்டுகிறார்." காட்சியை முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் வெற்றுத்தாளில் தொடங்க வேண்டியிருக்கும்.

மாங்காய் சீசனில் தோப்பிலும் மண்டியிலும் இருப்பவர்கள் 5 நிமிடமாகக் குறைக்கலாம். ஆனால் செயலின் இடத்தை மாற்றாதீர்கள்.

4. கடைசிப் பக்கங்கள் பேச்சுக்கு

பென்னாகரம் பஸ்ஸிலோ ராயக்கோட்டைத் தக்காளி மண்டியிலோ காதில் விழுந்ததை அன்றே எழுதுங்கள். "சண்டை போட்டார்கள்" என்ற குறிப்பு உதவாது. சொன்ன வார்த்தை வேண்டும். தெலுங்கும் கன்னடமும் கலந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். பேசியவர் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

பின்சேர்க்கை: நோட்டுக்குப் பதிலாகக் குரல் தட்டச்சு போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். நம் பக்கத்துப் பேச்சை அது தப்பாகப் பிடிக்கிறது, நிறுத்தக்குறியும் பல நேரம் விழுவதில்லை. நோட்டில் எழுதியதைக் கணினியில் படியெடுக்கும்போது தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பைப் பழகுங்கள். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை அடித்தால் "அம்மா" வந்துவிடும். புள்ளி தானே விழும். படியெடுப்பதை எழுதும் 20 நிமிடத்தில் சேர்க்காதீர்கள். அதை வார விடுமுறையில் மொத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.