கடைசியில் ஓடுகிறவள் சொல்கிறேன்: கிளப்போடு அரை மராத்தான்

கிளப்பில் அரை மராத்தான் என்று பேச்சு எடுத்ததுமே எந்த ஷூ, என்ன கலரில் டீ-ஷர்ட், எந்த ஊர் ஓட்டம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பின்தங்குகிறவருக்குத் துணையாகக் கடைசியில் யார் ஓடுவது என்று முடிவு செய்யுங்கள். முன்னால் ஓடுகிறவர்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், அவர்கள் பாட்டுக்கு ஓடிவிடுவார்கள். பின்னால் தனியாக மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்தான் மூன்றாவது வாரம் அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். அதோடு அவரை மறந்துவிட வேண்டியதுதான்.

செங்கோட்டையில் எங்கள் கிளப்பில் அந்தக் கடைசி இடம் என்னுடையது. பகலில் தையல் கடை, விடியற்காலையில் இது. இலஞ்சி, பண்பொழி, புளியரையிலிருந்து வருகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலிருந்து ஒரு சேச்சியும் வருகிறார். கடைசி ஆளுக்கு இரண்டே விதிதான். யாரையும் முந்தக் கூடாது. கிளம்பும்போதும் திரும்பும்போதும் தலை எண்ண வேண்டும். இடுப்புப் பையில் போன், கொஞ்சம் பணம், வாசலின், ஓஆர்எஸ் பாக்கெட், கல்கண்டு. கல்கண்டு, சுகர் உள்ளவர்களுக்குத் திடீரென்று சுகர் இறங்கிவிட்டால் கொடுக்க. மற்றவர்களுக்கும் ஒரு விதி உண்டு: கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் டீ சொல்லக் கூடாது. இந்த ஒன்றைக் கறாராக வைத்துக்கொண்டாலே பாதி பேர் நின்றுபோக மாட்டார்கள்.

அடுத்தது வேகம். அரை மராத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். 3 மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 விநாடி. இரண்டரை மணி நேரத்துக்கு 7 நிமிடம் 6 விநாடி. 2 மணி நேரத்துக்கு 5 நிமிடம் 41 விநாடி. இந்தக் கணக்கை வைத்து மூன்று குழுவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னில், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டத்தில், இந்த வேகத்தில் ஓட வேண்டாம். கிலோமீட்டருக்கு ஒரு நிமிடமாவது மெதுவாகப் போங்கள். வாட்ச் இல்லாதவர்களுக்கு என் சோதனை ஒன்று உண்டு. ஓடிக்கொண்டே, "நேத்து ராத்திரி என்ன குழம்பு?" என்று கேட்பேன். "புளிக்குழம்புதான்க்கா, மீன் கிடைக்கல" என்று முழுசாகப் பதில் வந்தால் சரி. "புளி..." என்று நின்றுவிட்டால் அந்தக் குழுவே வேகத்தைக் குறைக்க வேண்டும். அவர் மட்டும் பின்தங்கிக்கொள்ளட்டும் என்று விடக் கூடாது.

நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட முடிகிறவருக்கு 14 வாரம் போதும். வாரத்தில் மூன்று நாள் அவரவர் தெருவில் 5, 6 கிலோமீட்டர். ஞாயிறு மட்டும் எல்லோரும் சேர்ந்து லாங் ரன். 7-ல் ஆரம்பித்து வாரம் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் கூட்டுங்கள். ஒவ்வொரு நாலாவது வாரமும் தூரத்தைக் குறைத்துவிட வேண்டும். உடம்பு தேறுவது அந்த வாரத்தில்தான். இதைச் சொன்னால் இளவட்டங்கள் கேட்பதில்லை. முழங்கால் சொன்னால் கேட்கிறார்கள். 18 கிலோமீட்டர் ஒரு தடவை ஓடியாகிவிட்டால் போதும், 21 ஓடிப் பார்க்கத் தேவையில்லை. மிச்ச மூன்றையும் அன்றைக்குக் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த 18 முடிந்து ஓட்ட நாளுக்கு இரண்டு வாரமாவது இடைவெளி இருக்கட்டும். 40 வயது தாண்டியவர்கள், சுகர், பிரஷர் உள்ளவர்கள் முதல் வாரத்துக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

இனி பாதை. எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் சாரலும் காற்றும் ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும். அதனால் லாங் ரன் போகும்போது மேற்கே, புளியரைப் பக்கம் போக வேண்டும். காற்று முகத்தில் அறையும், ரோடும் லேசான ஏற்றம். போகட்டும், அப்போது காலில் தெம்பு இருக்கும். திரும்பும்போது இறக்கம், காற்றும் முதுகில் கை வைத்துத் தள்ளும். இதையே தலைகீழாகச் செய்து, முதலில் குற்றாலம் பக்கம் ஜாலியாக ஓடிவிட்டு எதிர்காற்றில் திரும்பினால் 12-வது கிலோமீட்டரில் ஆளாளுக்குக் கடுகடுப்பாகிவிடும். உங்கள் ஊரில் காற்று எந்தப் பக்கம் என்று விவசாயம் செய்கிறவரிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்.

புளியரையைத் தாண்டி மலை ரோட்டில் எஸ் வளைவுக்கு ஏறலாம் என்று அவ்வப்போது யாராவது ஆசைப்படுவார்கள். நான் விடுவதில்லை. வளைவில் திரும்புகிற லாரிக்காரருக்கு நாம் கண்ணிலேயே பட மாட்டோம். ஏற்றப் பயிற்சி வேண்டுமென்றால் பண்பொழித் திருமலைக் கோயில் இருக்கிறது. கொல்லம் ரோட்டில் ஓடும்போது வலது ஓரமாக, வண்டிகளைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். இரண்டு பேர் ஜோடி போட்டுக் கதை பேசுவதெல்லாம் உள்ரோட்டில்தான். விடிவதற்கு முன் கிளம்பினால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் மினுங்கும் பட்டி கட்டாயம்.

தண்ணீருக்கு ஓடாத ஆள் ஒருவர் வேண்டும். எங்களுக்கு மரக்கடை அண்ணாச்சி ஒருவர் கிடைத்தார். டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் கேனை வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் நிற்பார். ஓஆர்எஸ் கலக்கினால் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீர்தான், கூடவோ குறையவோ கூடாது. தாகம் எடுத்தால் குடியுங்கள். பயத்தில் மடக் மடக்கென்று வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும். அது தாகத்தைவிட ஆபத்து. பெண்கள் வருகிறார்கள் என்றால் வழியில் கழிவறை எங்கே என்று முதலிலேயே பார்த்து வைக்க வேண்டும். பெட்ரோல் பங்க், இல்லையென்றால் பாதையில் இருக்கிற உறுப்பினர் வீடு. இந்த ஒரு காரணத்துக்காகவே வராமல் இருந்த மதினிமார் உண்டு. வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

சாரலில் ஓடினால் கால் கொப்புளம் போடும். காட்டன் சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நைலான் கலந்ததை வாங்குங்கள். விரலிடுக்கு, குதிகால், தொடை இடுக்கு, உள்ளாடை பட்டி அழுத்துகிற இடம் எல்லாவற்றிலும் வாசலின் தடவுங்கள். ஆண்கள் மார்க்காம்பில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம். சிரிக்கிறவர்கள் 15 கிலோமீட்டர் ஓடிவிட்டுச் சிரிக்கட்டும். நனைந்த ஷூவை வெயிலில் போடாதீர்கள். உள்ளே தினசரித் தாளைத் திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள், இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை ராத்திரி பார்டர் பரோட்டா வேண்டாம். (1956-ல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து இந்தப் பக்கம் வந்து, எல்லை மலைக்குப் போய்விட்டது, பார்டரும் பரோட்டாவும் பிரானூரிலேயே தங்கிவிட்டன.) அந்த எண்ணெயும் சால்னாவும் காலையில் எங்கே வந்து நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி இட்லியோ சோறோ போதும். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம், ஒரு கடுங்காப்பி. நேந்திரம்பழம் கனமானது, அதை ஓடி முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள். சேச்சி புட்டும் பயறும் கொண்டுவரும் ஞாயிறுகளில் வருகை கூடுவதை நான் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

முதல் ஓட்டத்துக்கு எங்களுக்குத் தோதான ஊர் கொச்சி. பாலருவி எக்ஸ்பிரஸ் நள்ளிரவு தாண்டி செங்கோட்டைக்கு வரும், காலையில் எர்ணாகுளத்தில் இறக்கிவிடும். ஞாயிறு ஓட்டம் என்றால் வெள்ளி ராத்திரியே ஸ்டேஷனுக்கு வந்துவிட வேண்டும். சனிக்கிழமை பிப் (சட்டையில் குத்துகிற எண் அட்டை) வாங்கவும் கால் நீட்டிப் படுக்கவும் அந்த ஒரு பகல் தேவை. கொச்சியில் கடல் ஈரம். வேர்வை காயாது, உடம்பு சீக்கிரம் சூடாகும். நம் ஊர்ச் சாரல் காற்றில் பழகிய வேகம் அங்கே வராது. கிலோமீட்டருக்குக் கால் நிமிடம், அரை நிமிடம் விட்டுக்கொடுத்துத் திட்டம் போடுங்கள். புது ஷூ, புது சாக்ஸ், ஸ்டாலில் இலவசமாகக் கொடுக்கிற சத்து ஜெல் எதையும் அன்றைக்கு முதன்முதலாகச் சோதிக்காதீர்கள். வலி மாத்திரை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. உடம்பில் நீர் குறையும் நேரத்தில் அது கிட்னியைத்தான் பதம் பார்க்கும்.

அன்றைக்கு முதல் 5 கிலோமீட்டர் குழுவாக ஓடுங்கள். சொல்லப் போனால் அதற்குத்தான் கிளப். ஆரம்பக் கூட்டத்தின் வேகத்தில் அடித்துக்கொண்டு போகாமல் ஒருவரையொருவர் பிடித்து வைக்கலாம். அதற்கு அப்புறம் காலில் தெம்பு இருக்கிறவர்கள் போகட்டும், ஆனால் ஜோடியாகப் போகட்டும். கடைசிக் குழு முதல் கிலோமீட்டரிலிருந்தே 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று போக வேண்டும். களைத்த பிறகு நடக்கலாம் என்று இருந்தால் நடை மட்டும்தான் மிஞ்சும். தண்ணீர் மேசையில் முதல் மேசைக்கு முட்டி மோதாதீர்கள், கடைசி மேசை காலியாக இருக்கும். 16-க்கு மேல் பேச்சு நின்றுவிடும். அப்போது பக்கத்தில் இருப்பவரை "வா, வா" என்று நச்சரிக்காதீர்கள். கூட ஓடினாலே போதும். நெஞ்சு அழுத்தம், குளிர் நடுக்கம், பேச்சு குழறல் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு முதலுதவி ஆட்களைக் கூப்பிடுங்கள்.

முடித்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். எங்கே கூடுவது என்று முன்னாடியே ஒரு மரமோ வாசலோ பேசி வையுங்கள், போனை நம்ப வேண்டாம். அப்புறம் ஒன்று, இதை மட்டும் மறக்காதீர்கள். ராத்திரி ரயிலில் திரும்பும்போது பாதிப் பேருக்குக் கால் மடங்காது. ஒரு டிக்கெட்டில் 6 பேருக்கு மேல் போட முடியாது என்பதால், புக் பண்ணும்போதே ஒவ்வொரு டிக்கெட்டிலும் கொஞ்சம் இளவட்டங்களைக் கலந்து போடுங்கள். அப்பர் பெர்த்துக்கு ஏற ஆள் வேண்டும்.